முதல் ஓவர்டிரைவ் பெடல்: எந்த சர்க்யூட், எந்த போர்டு?

"அண்ணா, முதல் தடவையே வேலை செய்யுற மாதிரி ஒரு பெடல் சர்க்யூட் சொல்லுங்க." கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் வைத்துக் காலால் மிதித்தால் ஒலியை உறும வைக்கும் ஓவர்டிரைவ் பெடலைக் கட்ட ஆசைப்பட்டு, கிட்டார் வாசிக்கும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. கேட்பவர்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். டியூப் ஸ்க்ரீமர் என்ற புகழ்பெற்ற பெடலைக் கட்டலாமா, ஒற்றை ட்ரான்சிஸ்டரோடு முடித்துக்கொள்ளலாமா? எல்லாம் சேர்ந்து வரும் கிட் வாங்கலாமா, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்குப் போய்ப் பொறுக்கி எடுக்கலாமா? இரண்டு மாதம் படம் படமாகச் சேமித்துவைத்துவிட்டு, சால்டரிங் அயர்னைத் தொடாமலேயே ஆர்வம் ஆறிப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

முதல் பெடல் முதல் தடவையே வேலை செய்வது அபூர்வம். என் முதல் பெடலும் செய்யவில்லை, எனக்குத் தெரிந்த பலருடையதும் செய்யவில்லை. ஸ்விட்சை மிதித்ததும் அமைதியாக இருக்கும், இல்லை என்றால் ஒரே இரைச்சலாக இருக்கும். அந்த நிமிடத்தில் எங்கே கை வைப்பது என்று தெரிந்தவர் அடுத்த பெடலும் கட்டுவார். தெரியாதவர் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுவார். அதனால் இந்தத் தேர்வில் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கும் கேள்வி ஒன்றுதான்: சத்தம் வராதபோது காரணத்தை நீங்களே கண்டுபிடிக்க முடியுமா?

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, மேலே சொன்ன அந்தக் கேள்வி. பாகங்கள் குறைவாக இருந்தால் சந்தேகப்பட வேண்டிய இடங்களும் குறைவு. மல்டிமீட்டரை வைத்தால் எந்தக் காலில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, பாகங்கள் நம் ஊர்க் கடையில் கிடைக்குமா என்பது. ஒரே ஒரு பாகத்துக்காக இரண்டு வாரம் கூரியருக்குக் காத்திருந்தால் வேகம் போய்விடும்.

மூன்றாவது செலவு. இதில் சர்க்யூட்டின் விலையைப் பார்த்து ஏமாறக் கூடாது. ரெசிஸ்டர், கண்டென்சர், ஐசி எல்லாம் சேர்த்தாலும் சொற்பம்தான். பணத்தை விழுங்குவது அலுமினியப் பெட்டி, ஃபுட்ஸ்விட்ச், ஜாக், பாட் (குமிழ் மாட்டும் மாறும் ரெசிஸ்டர்). அது எந்த சர்க்யூட்டுக்கும் ஒன்றுதான் என்பதால் தனியாகப் பிறகு சொல்கிறேன்.

நான்காவது ஒலி. உங்களிடம் இருக்கும் ஆம்பில் எப்படிக் கேட்கும் என்பதுதான் இங்கே கணக்கு. பெரிய கலைஞர்களின் பதிவில் எப்படிக் கேட்டது என்பது இந்தத் தேர்வுக்கு உதவாது.

ஐந்தாவது, இதைக் கட்டி முடித்தபின் அடுத்ததைக் கட்டும் அறிவு எவ்வளவு மிஞ்சும் என்பது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நாளை மறுநாள் கச்சேரி, பெடல் வேண்டும் என்றால் கடையில் வாங்குங்கள். கருவிகளையும் சேர்த்துப் பார்த்தால் முதல் பெடலைக் கையால் கட்டுவது, மலிவான மினி பெடல் ஒன்றை வாங்குவதைவிடச் செலவுதான். கட்டத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆசைக்காகத்தான் கட்ட வேண்டும்.

## சர்க்யூட்: மூன்று வழிகள்

### எலக்ட்ரா: ஒரு ட்ரான்சிஸ்டர், இரண்டு டயோடு

1970களில் எலக்ட்ரா கிட்டார்களின் பின்பக்கத்தில் சொருகுகிற சிறு மாட்யூல்கள் வந்தன. அவற்றில் ஒன்றின் சர்க்யூட் இது. ஒரு ட்ரான்சிஸ்டர் சிக்னலைப் பெரிதாக்கும். அதற்கப்புறம் எதிரெதிராக கிரவுண்டுக்குப் போகும் இரண்டு டயோடுகள் அலையின் முகட்டை வெட்டும். அவ்வளவுதான். மொத்தம் பத்து பாகங்களுக்குள் அடங்கிவிடும். படத்தை மனப்பாடமாகவே வரையலாம்.

பழுது பார்ப்பதும் எளிது. ட்ரான்சிஸ்டரின் கலெக்டரில் மீட்டரை வைத்தால், 9 வோல்ட்டுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் ஏதோ ஒரு இடத்தில் எண் நிற்க வேண்டும். 9ஐ ஒட்டியோ பூஜ்யத்தை ஒட்டியோ நின்றால் ட்ரான்சிஸ்டர் பக்கம்தான் கோளாறு.

ஆனால் நம் ஊரில் இதற்கென்றே ஒரு குழி இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் படங்களில் பெரும்பாலும் 2என்3904 போட்டிருக்கும். கடையில் கேட்டால், "அது இல்ல சார், பிசி547 வாங்கிக்கோங்க, அதே வேலைதான்" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான், அதே வேலையைச் செய்யும். ஆனால் தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் 2என்3904இல் இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி547இல் கலெக்டர், பேஸ், எமிட்டர். அப்படியே தலைகீழ். படத்தில் உள்ளபடி சொருகினால் பெடல் முற்றிலும் செத்துப்போகாது, லேசாக முனகும். அதுதான் ஆபத்து. பாகம் தவறாக இருக்கிறது என்று தோன்றாமல், சர்க்யூட்டே மட்டம் என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

இன்னொரு குறை, இதன் உள்ளீட்டு மின்தடை குறைவு. கிட்டார் பிக்கப்பை இழுத்துப் பிடிப்பதுபோல உயர் ஸ்வரங்கள் மங்கும். ஒரு கம்பியை மட்டும் மீட்டினால் நன்றாக உறுமும். முழுக் கார்டு அடித்தால் கலங்கிவிடும். ஓவர்டிரைவ் என்று நாம் மனதில் வைத்திருக்கும் அந்த வழவழப்பான உறுமல் இதில் வராது. ஃபஸ் எனப்படும் கரகரப்பான ஒலியின் பக்கம் சாய்ந்தது இது.

யாருக்கு நல்லது? ஒரு சனிக்கிழமை காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்கு முன் ஏதாவது ஒரு சத்தம் கேட்டாக வேண்டும் என்பவருக்கு. பற்றவைக்கத் தேவையில்லாத பிரெட்போர்டில் சொருகி, டயோடை மாற்றி மாற்றிக் கேட்டு, க்ளிப்பிங், அதாவது இந்த முகடு வெட்டுதல், என்றால் என்ன என்று காதால் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை. பெட்டிக்குள் நிரந்தரமாக வைத்து மேடைக்கு எடுத்துப் போகும் பெடலாக இதை நான் சொல்ல மாட்டேன்.

### டிஓடி 250: ஒரு ஐசி, இரண்டு குமிழ்

அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து 1970களில் வந்த சாம்பல் நிறப் பெடல், முழுப் பெயர் ஓவர்டிரைவ் ப்ரீஆம்ப் 250. கிட்டார் கலைஞர் இங்வி மால்ம்ஸ்டீன் வாசித்ததால் பெயர் பெற்றது. அதே காலத்து எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் பிளஸ் ஏறக்குறைய இதன் இரட்டை. பெரிய வித்தியாசம் டயோடில்தான்: எம்எக்ஸ்ஆரில் ஜெர்மேனியம், டிஓடியில் சிலிக்கான். அதாவது ஒரே போர்டில் இரண்டு டயோடை மாற்றினால் புகழ்பெற்ற இரண்டு பெடல்கள் கையில்.

பாகங்கள் இருபதை ஒட்டி வரும். நடுவில் எல்எம்741 என்ற எட்டுக்கால் ஐசி. எலக்ட்ரானிக்ஸ் லேப் பக்கம் போன எல்லாருக்கும் பழக்கமானது, எந்தக் கடையிலும் கிடைக்கும். வேகம் குறைந்த ஐசி என்று இதைத் தள்ளிவைப்பவர்கள் உண்டு. இங்கே அந்தக் குறையே குணமாகிறது. இந்த சர்க்யூட்டில் அதிகபட்சப் பெருக்கம் 213 மடங்கு. 741க்கு அந்தப் பெருக்கத்தில் ஏறக்குறைய 4.7 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மூச்சு வாங்கும். அதனால் காதைக் குத்தும் உச்ச அதிர்வுகள் தானாகவே மழுங்கிவிடுகின்றன. கால்கள் அப்படியே பொருந்தும் டிஎல்071ஐச் சொருகினால் ஒலி இன்னும் திறந்து, கூர்மையாக வரும். ஐசிக்கு ஒரு சாக்கெட் பற்றவைத்துவிட்டால் இரண்டையும் ஒரே மாலையில் கேட்டுப் பார்க்கலாம்.

பழுது பார்ப்பதில்தான் இது மற்ற இரண்டையும் முந்துகிறது. 9 வோல்ட் கொடுத்தபின் 7ஆம் காலில் 9, 4ஆம் காலில் பூஜ்யம், 6ஆம் காலில் பாதி, அதாவது 4.5. இந்த மூன்றும் சரியாக இருந்தால் ஐசியைச் சுற்றி எல்லாம் நலம். இதில் புதியவர்களைக் கலங்கடிக்கும் ஒரு விஷயம் உண்டு. 3ஆம் காலிலும் 4.5 இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். மலிவான மஞ்சள் மீட்டரை வைத்தால் 3 வோல்ட்தான் காட்டும். கோளாறு எதுவும் இல்லை. அந்தக் காலுக்கு மின்னழுத்தம் 470கே ரெசிஸ்டர் வழியாக வருகிறது. மீட்டரின் உள்மின்தடை 1 மெகா ஓம் மட்டுமே இருந்தால், அளக்கும்போதே அது ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. 10 மெகா ஓம் மீட்டரில் 4.3 காட்டும். இது தெரியாமல் ஒரு மாலை முழுவதும் நல்ல ரெசிஸ்டர்களைப் பிடுங்கி மாற்றிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

மறைந்திருக்கும் தலைவலி பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழில் இருக்கிறது. அசலில் அது 500கே, தலைகீழ் லாக் வகை, அதாவது மின்தடை சீராக மாறாமல் வளைந்து மாறும் பாட். கடையில் கேட்டால் பெரும்பாலும் சீராக மாறும் லீனியர்தான் தருவார்கள். அதைப் போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள். குமிழ் ஆரம்பத்தில் இருக்கும்போது பெருக்கம் 3 மடங்கு. பாதி திருப்பினாலும் 5 மடங்குதான். பத்தில் ஒன்பது பங்கு திருப்பியபின் 19. மிச்சமிருக்கும் அந்தக் கடைசி ஒரு பங்கில் 19இலிருந்து 213க்கு ஒரே தாவல். பெடல் வேலை செய்யும், ஆனால் குமிழின் கடைசி நூலிழையில்தான் எல்லாம் நடக்கும். தலைகீழ் லாக் கிடைக்காவிட்டால் சாதாரண லாக் பாட் வாங்கி, ஓரக் கால்களை மாற்றிப் பற்றவையுங்கள். குமிழ் எதிர்ப்பக்கம் திரும்பும், ஆனால் முழுச் சுற்றும் பயன்படும்.

ஒலியைப் பொறுத்தவரை ஒளிக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பெயரில் ஓவர்டிரைவ் இருந்தாலும் டயோடுகள் கிரவுண்டுக்குப் போவதால் அலை கொஞ்சம் முரட்டுத்தனமாகவே வெட்டுப்படும். கெயினைக் குறைத்து, வால்யூமை ஏற்றி, ஆம்பை முட்டச் செய்தால் இனிமையாக இருக்கும். கெயினை முழுக்க ஏற்றினால் டிஸ்டார்ஷன். டோன் குமிழ் கிடையாது, கிட்டாரில் இருப்பதைத்தான் பயன்படுத்த வேண்டும். வீட்டில் சின்ன ட்ரான்சிஸ்டர் ஆம்ப் வைத்து வாசிப்பவருக்கு, என் காதுக்கு இதுதான் மூன்றிலும் தடித்த, நிறைந்த ஒலி.

### டியூப் ஸ்க்ரீமர்: எல்லாரும் ஆசைப்படுவது

ஐபனெஸ் டிஎஸ்808, பச்சைப் பெட்டி. ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வானின் பெயரோடு ஒட்டிப்போன ஒலி. கேட்டுவிட்டு இதையே கட்ட வேண்டும் என்று வருபவர்களைக் குறை சொல்லவே முடியாது.

இதன் சூட்சுமம் டயோடுகள் இருக்கும் இடம். அவை கிரவுண்டுக்குப் போகாமல் ஐசியின் பின்னூட்டப் பாதையில் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் வெட்டுப்பட்ட அலையோடு வெட்டுப்படாத அசல் அலையும் கொஞ்சம் கலந்தே வெளியே வருகிறது. விரல் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி வளைந்துகொடுப்பதற்கு அதுதான் காரணம். இரண்டாவது சூட்சுமம், 4.7கே ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸில் போடும் வேலி. அதற்குக் கீழே உள்ள ஸ்வரங்களுக்குப் பெருக்கம் படிப்படியாகக் குறைவதால் அடிக்கம்பிகள் குழம்பாது. பெருக்கம் 12இலிருந்து 118 மடங்கு வரை, டிஓடியில் பாதிதான்.

இதே காரணத்தால்தான் சிலருக்கு இது ஏமாற்றமும் தருகிறது. ஏற்கனவே ஒலி லேசாக உடைந்து கரகரக்க ஆரம்பித்திருக்கும் வால்வ் ஆம்புக்கு முன்னால் வைத்தால் இதற்கு இணையில்லை. பத்து வாட் ட்ரான்சிஸ்டர் ஆம்பின் சுத்தமான சேனலில் போட்டால் மூக்கால் பேசுவதுபோல ஒல்லியாகக் கேட்கும். தவறாகக் கட்டிவிட்டோமோ என்று தோன்றும். சரியாகத்தான் கட்டியிருப்பீர்கள்.

அசலில் இருக்கும் மின்னணு ஸ்விட்ச் பகுதியை விட்டுவிட்டுக் கட்டினாலும் பாகங்கள் நாற்பதை நெருங்கும். சிக்னலைப் பெரிதாக்காமல் வலுவாக்கிக் கடத்தும் இரண்டு பஃபர் ட்ரான்சிஸ்டர், இரட்டை ஐசி, மூன்று குமிழ். சத்தம் வராவிட்டால் சந்தேகப்பட வேண்டிய ஈயப்பற்றுகள் நூறைத் தாண்டும். டோன் குமிழுக்கு அசலில் 20கே, ஜி வகை என்று ஒரு விசேஷ வளைவு. உள்ளூரில் தேடி அலைய வேண்டாம், 20கே அல்லது 25கே லீனியர் போதும். ஐசி விஷயத்திலும் எச்சரிக்கை. ஜேஆர்சி4558டி என்று மேலே அச்சடித்து விற்பதெல்லாம் அதுதான் என்று நம்ப முடியாது. புகழ்பெற்ற எண் என்பதால் வேறு ஐசியின் மேல் அந்த எழுத்தைப் போட்டு விற்பது நடக்கிறது. வேறு எந்த 4558 போட்டாலும் பெடல் நன்றாகவே பாடும், எழுத்துக்காக அதிகப் பணம் கொடுக்காதீர்கள்.

### பக்கத்தில் பக்கமாக

| | எலக்ட்ரா | டிஓடி 250 | டியூப் ஸ்க்ரீமர் |
|---|---|---|---|
| பாகங்கள் | 10க்குள் | 20ஐ ஒட்டி | 40ஐ ஒட்டி |
| கோளாறு கண்டுபிடிப்பது | எளிது | மிக எளிது, எண்கள் தெளிவு | பொறுமை வேண்டும் |
| உள்ளூரில் கிடைக்காதது | எதுவும் இல்லை | தலைகீழ் லாக் பாட் | டோன் பாட், நம்பகமான ஐசி |
| சின்ன ட்ரான்சிஸ்டர் ஆம்பில் | முரட்டு ஃபஸ் | தடித்த, நிறைந்த ஒலி | ஒல்லி, மூக்கொலி |
| உடையத் தொடங்கிய வால்வ் ஆம்பில் | கலங்கும் | நன்று | மிக நன்று |
| மிச்சமாகும் அறிவு | க்ளிப்பிங் | ஐசி, பயாஸ் (அந்த 4.5 வோல்ட் நடுநிலை), பெருக்கம் | அதோடு பஃபர், டோன் |

## போர்டு: எதன் மேல் கட்டுவது

எந்த சர்க்யூட்டாக இருந்தாலும் முதலில் பிரெட்போர்டில் சொருகிக் கேட்டுவிடுங்கள். உறுமலோடு கொஞ்சம் ஹம் கேட்கும், பரவாயில்லை. சர்க்யூட்டைப் புரிந்துகொண்டீர்களா என்று அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் பற்றவைக்கும்போது தவறு வந்தால், அது பற்றவைத்ததில்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

### முழு கிட்

போர்டு, பாகங்கள், ஸ்விட்ச், சில கிட்களில் துளையிட்ட பெட்டி வரைக்கும் ஒரே பையில் வரும். எந்தத் துளையில் எது என்று போர்டிலேயே அச்சாகியிருக்கும். இதுவரை அயர்னைப் பிடித்ததே இல்லை என்றால் இதுதான் பாதுகாப்பான வழி. கோளாறு வந்தாலும் காரணம் நான்குக்குள் அடங்கிவிடும்: சரியாக உருகாத ஈயம், திருப்பிப் போட்ட டயோடு அல்லது ஐசி, கால் மாறிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர், ஸ்விட்ச் ஒயரிங்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கிட்டின் விலையோடு கப்பல் கூலி, சுங்க வரி, கூரியர்காரரின் கையாளும் கட்டணம் எல்லாம் சேரும். கடைசித் தொகை வாசலில் பார்சல் வரும்போதுதான் தெரியும். இரண்டாவது, தவறாகப் பற்றவைத்த பாகத்தை எடுப்பது. இரு பக்கமும் செம்பு பூசிய துளைக்குள் இறங்கிய ஈயத்தை, உறிஞ்சி எடுக்கும் சக்கர் கருவியால் இழுத்தாலும் முழுதாக வராது. அவசரப்பட்டு இழுத்தால் செம்பு வட்டமே பெயர்ந்து வந்துவிடும். பாகத்தைக் காப்பாற்ற நினைக்காமல் அதன் காலை வெட்டிவிட்டு, மிச்சத்தை ஒவ்வொன்றாகச் சூடாக்கி எடுப்பதே நல்லது. புதிய பாகம் ஓரிரு ரூபாய், போர்டு அப்படிக் கிடைக்காது.

### வெற்று பிசிபி மட்டும்

பாகங்கள் இல்லாமல், செம்புப் பாதைகள் அச்சான போர்டை மட்டும் வாங்கிக்கொண்டு பாகங்களை ரிச்சி தெருவில் சேர்ப்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அளவு பொருந்துவதுதான் சிக்கல். இந்த போர்டுகளில் பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள பெட்டி வடிவ ஃபிலிம் கண்டென்சருக்குத் துளை இருக்கும். கடையில் கைக்கு வருவதோ பச்சை நிற மைலார். காலை வளைத்து நெளித்து நிறுத்தினால் பக்கத்துப் பாகத்தை இடிக்கும். பாட்டும் அப்படியே. போர்டில் நேராக நிற்கும் 16 மில்லிமீட்டர் பாட் கேட்டால் 24 மில்லிமீட்டர் பெரிய பாட்டை நீட்டுவார்கள். போர்டைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள், அங்கேயே வைத்துப் பாருங்கள். இரண்டாவது பெடலுக்கு இதுதான் எனக்குப் பிடித்த வழி. முதலாவதுக்கு, அளவு பார்க்கும் பொறுமை இருந்தால் மட்டும்.

### வெரோ போர்டு

இணையான செம்புப் பட்டைகள், 2.54 மில்லிமீட்டருக்கு ஒரு துளை. எங்கே பட்டை வேண்டாமோ அங்கே துளையின் மேல் ஒரு டிரில் பிட்டை வைத்துக் கையாலேயே திருகினால் செம்பு வெட்டுப்படும். விலை மலிவு. ஒரு பெரிய தகட்டில் நான்கைந்து பெடல் கட்டலாம். இணையத்தில் டிஓடி 250க்கு வெரோ படங்கள் நிறையக் கிடைக்கின்றன. கண்ணால் பார்த்தே எது எதோடு சேர்கிறது என்று தெரிவதால் கற்றுக்கொள்ள அருமையான போர்டு.

ஆனால் வெட்டு. வெரோவில் வரும் கோளாறுகளில் பெரும்பங்கு இங்கேதான். என் முதல் டிஓடியில் எட்டுக்கால் ஐசியின் அடியில் நான்கு வெட்டுகள். வெட்டியதாகத்தான் நினைத்தேன். மிதித்தால் அமைதி. 6ஆம் காலில் மீட்டரை வைத்தேன். 4.5 இருக்க வேண்டிய இடத்தில் 8ஐ ஒட்டி நின்றது. 3ஆம் காலிலும் அதே எண். 470கே வழியாக இளைத்து வர வேண்டிய காலில் இவ்வளவு வலுவாக 8 எப்படி வரும்? ஐசியில் 3ஆம் காலுக்கு நேர் எதிரே இருப்பது 6. போர்டைத் திருப்பி டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது, அந்த வெட்டின் ஓரத்தில் முடி அளவுக்கு ஒரு செம்பு இழை மினுக்கியது. வெளியேறும் சிக்னல் நேராக உள்ளே திரும்பி, ஐசி ஒரு பக்கமாகப் பூட்டிக்கொண்டு நின்றிருந்தது. பிளேடு நுனியால் ஒரு கீறல். அடுத்த நொடி ஆம்ப் உறுமியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் வெரோ எடுத்தால் பாகம் எதையும் வைப்பதற்கு முன் ஒவ்வொரு வெட்டின் இரு பக்கத்திலும் மீட்டரை பீப் நிலையில் வைத்துப் பாருங்கள். பீப் வந்தால் வெட்டு முடியவில்லை. எல்லாம் பற்றவைத்து முடித்தபின் பட்டைகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் பிளேடை ஒருமுறை இழுத்துவிடுங்கள். ஈயம் பாலம் கட்டியிருந்தால் அறுந்துவிடும்.

### டாட் போர்டு

புள்ளிப் புள்ளியாகச் செம்பு வட்டங்கள், எதுவும் எதோடும் சேர்ந்திருக்காது. எந்தக் கடையிலும் முதலில் கிடைப்பது இதுதான். பாகங்களின் காலையே வளைத்து ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். எலக்ட்ரா அளவுக்குச் சரி. இருபது பாகத்துக்கு மேல் போனால் பின்பக்கம் சிலந்தி வலை மாதிரி ஆகிவிடும். தவறைத் தேட நேரும்போது, கட்டியவருக்கே எது எங்கே போகிறது என்று புரியாது.

## எதை எடுத்தாலும் வரும் செலவு

அலுமினிய டைகாஸ்ட் பெட்டி, 1590பி அளவு, ஏறக்குறைய 112க்கு 60 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் பெட்டி மலிவு என்று போனால் வீட்டிலுள்ள எல்லா மின் இரைச்சலையும் அது உள்ளே விடும். ஒன்பது கால் ஃபுட்ஸ்விட்ச் சாதாரணக் கடைகளில் எளிதில் கிடைக்காது, முதலிலேயே ஆர்டர் போட்டுவிடுங்கள். அந்தக் கால்களில் அயர்னை அதிக நேரம் வைத்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இளகி ஸ்விட்ச் கெட்டுவிடும். ஒரு காலைப் பற்றவைத்தபின் கொஞ்சம் ஆறவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

பவர் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து கவனம். பெடல்களுக்கு 9 வோல்ட், நடு முனையில் நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட், நடுவில் பாசிட்டிவ். அதைச் சொருகினால் ஐசி போய்விடும். பவர் வரும் வழியில் ஒரு 1என்5817 டயோடைத் தொடராகப் போட்டுவிட்டால், முனை மாறிச் சொருகினாலும் மின்சாரம் உள்ளே போகாது. சோதிக்கும்போது பேட்டரியே போதும், அடாப்டர் இரைச்சலா பெடல் இரைச்சலா என்ற குழப்பமும் இருக்காது.

கருவிகளில் 25 வாட் அயர்ன், 60/40 ஈயம், மல்டிமீட்டர். இவற்றோடு ஒரு ஜாக், ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர், கொஞ்சம் ஒயர் வாங்கிக்கொள்ளுங்கள். ஜாக்கின் சிக்னல் முனையில் கண்டென்சரைப் பற்றவைத்து, அதன் மறு காலில் ஒரு ஒயர். ஜாக்கின் கிரவுண்டைப் பெடலின் கிரவுண்டோடு சேர்த்து, ஆம்பில் செருகுங்கள். கிட்டாரை யாரையாவது மீட்டச் சொல்லிவிட்டு, அந்த ஒயர் நுனியால் உள்ளீட்டிலிருந்து ஒவ்வொரு பாகமாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. மீட்டர் பிடிக்காததைக்கூட இது பிடித்துவிடும். இதைப் பெடலுக்குள் மட்டும்தான் செய்ய வேண்டும். வால்வ் ஆம்பைத் திறந்து உள்ளே தொடாதீர்கள், அங்கே பல நூறு வோல்ட் இருக்கும்.

## யாருக்கு எது

அயர்ன் பிடித்துக் கொஞ்சம் பழக்கம் இருக்கிறது, ஒரு பழைய ரேடியோவையோ ஹெட்போன் ஒயரையோ பற்றவைத்திருக்கிறீர்கள் என்றால்: டிஓடி 250, வெரோ போர்டில். நான் யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான்.

அயர்னைத் தொட்டதே இல்லை என்றால்: டிஓடி 250 அல்லது டிஸ்டார்ஷன் பிளஸ் வகை கிட், இந்தியாவுக்குள்ளேயே கிடைத்தால். கிடைக்காவிட்டால் முதலில் எலக்ட்ராவை டாட் போர்டில் கட்டிக் கையைப் பழக்கிக்கொண்டு, அப்புறம் வெரோவுக்கு வாருங்கள்.

வால்வ் ஆம்ப் இருக்கிறது, மனதில் டியூப் ஸ்க்ரீமர் தவிர வேறு எதுவும் இல்லை என்றால்: அதன் பிசிபியையோ கிட்டையோ வாங்குங்கள். வெரோவில் மட்டும் முதல் பெடலாக அதைக் கட்டாதீர்கள். பாகம் நாற்பது, அதோடு வெட்டுகளும் என்று சேரும்போது பொறுமைசாலிகளே சோர்ந்துபோகிறார்கள்.

டியூப் ஸ்க்ரீமர் கிட்டை ஏற்கனவே வாங்கி மேசையில் வைத்துவிட்டு, இதைப் படித்தபின் தயங்குகிறீர்களா? திருப்பி அனுப்ப வேண்டாம். பவர் பகுதியை மட்டும் முதலில் பற்றவைத்து, ஐசி சாக்கெட்டின் 8ஆம் காலில் 9 வோல்ட்டும் 4ஆம் காலில் பூஜ்யமும் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் உள்ளீட்டு பஃபர், அதன் எமிட்டரில் ஒயர் நுனியை வைத்தால் கிட்டார் சுத்தமாகக் கேட்க வேண்டும். அப்புறம் க்ளிப்பிங் பகுதி, கடைசியில் டோனும் வெளியீட்டு பஃபரும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சத்தம் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்கு. ஐசியை மட்டும் பவரைப் பார்த்தபின் சொருகுங்கள், அதன் புள்ளி போர்டில் உள்ள பள்ளத்தின் பக்கம் இருக்கட்டும்.